அறுபத்து மூவரைக் காணோம்

டாக்டர் கமலநாதன் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் வாணிக்கு ஆத்திரமாக இருந்தது. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு சொல்லியிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பாள்.

"அந்த அறுபத்து மூன்றையும் எடுத்துவிடு. வெறும் இரைச்சல். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மரம் சுத்தமாக இருக்கட்டும். கூட்டம் முடிந்ததும் உன் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறேன்."

சொன்னது ஆங்கிலத்தில். கமலநாதன் செந்தூல் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். வாணி காப்பார் ஊர்க்காரி. இரண்டு பேரும் தமிழ்ப்பள்ளியில்தான் அகரம் எழுதினார்கள். ஆனாலும் அவரிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த இந்த நான்கு ஆண்டுகளில் ஒரு வாய்த் தமிழ் அவரிடமிருந்து வந்ததில்லை. வாணி மறந்துபோய்த் தமிழில் ஏதாவது கேட்டால், பதில் ஆங்கிலத்தில் வரும். தமிழ் அவருக்கு வீட்டில் போட்டுக்கொள்ளும் கைலி. அதோடு வாசலுக்கு வரமாட்டார்.

"அது இரைச்சல் இல்ல, ப்ரொஃப்," என்றாள் வாணி.

அவர் அதற்கும் சிரித்தார். கதவு வரை வந்து வழியனுப்பியும் வைத்தார்.

படிவம் என்பது ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் படிவம். இந்த மாதக் கடைசிக்குள் மேற்பார்வையாளரின் கையெழுத்தோடு அது பதிவகத்துக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் வாணியின் பதிவு ரத்து. இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்த நல்ல வேலையை உதறிவிட்டு வந்தவள் அவள். முப்பத்து நான்கு வயதில் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான். அந்த ஒரு கையெழுத்தில் அவளுடைய நான்கு ஆண்டுகளும் தொங்கிக்கொண்டிருந்தன. அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் சிரித்தார்.

இனி அந்த மரம் என்ன மரம் என்று சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், பாசாரில் காய்கறி வாங்கத் தெரிந்தவர்களுக்குப் புரிகிற விஷயம்தான்.

கணினிக்குள் ஒரு பிரபஞ்சத்தை வளர்க்கிறார்கள். கோடிக்கணக்கான துகள்களைக் கிட்டத்தட்ட சமமாகத் தூவிவிட்டு ஈர்ப்பு விசையை ஏவிவிட்டால் போதும். அவை தாமாகவே கூடும், கட்டியாகும். சின்னக் கட்டிகள் சேர்ந்து பெரிய கட்டியாகும். அந்தக் கட்டிகளுக்குள்தான் கேலக்ஸிகள் குடியிருக்கின்றன. இந்த ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கோடி ஆண்டுக் கதையை முழுக்கச் சேமித்துவைக்க எந்தக் கணினியிலும் இடம் கிடையாது. அதனால் நடுநடுவே நூற்றிருபது படங்கள் மட்டும் எடுத்து வைப்பார்கள். ஒரு படத்தில் இருக்கும் கட்டிதான் அடுத்த படத்தில் இருக்கும் இந்தக் கட்டி என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு துகளுக்கும் ஓர் எண் உண்டு. நம் ஐ.சி. அடையாள அட்டை எண் மாதிரி, பிறந்தபோது கொடுத்தது, கடைசி வரை மாறாது. அந்த எண்களை ஒப்பிட்டுக் கட்டிக்குக் கட்டி கோடு போட்டுக்கொண்டே போனால், இன்றைய ஒரு பெரிய கேலக்ஸிக்கு எத்தனை சின்ன கேலக்ஸிகள் வந்து சேர்ந்தன என்று கிளை கிளையாக ஒரு படம் கிடைக்கும். அதுதான் இணைவு மரம்.

கோடு போடுகிற வேலையைச் செய்யும் கணினி நிரலைக் கமலநாதன்தான் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு, ஐரோப்பாவில் ஆய்வு மாணவராக இருந்தபோது எழுதினார். பெயர் 'ரந்திங்'. மலாயில் சுள்ளி என்று பொருள். வெள்ளைக்காரர்கள் அதை ஆங்கிலச் சொல் என்று நினைத்து, ஏன் இதற்குப் போய்க் கூச்சல் என்று பெயர் வைத்தாய் எனக் கேட்பார்களாம். இன்று பத்துப் பன்னிரண்டு நாடுகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதிலிருந்து வந்த ஓர் எண்தான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. பெரிய கேலக்ஸிக் கூட்டத்துக்குள் விழுந்த சின்ன கேலக்ஸி சராசரியாக இருநூறு கோடி ஆண்டுகளில் பெரியதோடு கலந்துவிடும் என்பது அந்த எண். பாடநூல்களில் ஏறிவிட்டது.

வாணி எடுத்துக்கொண்ட பெரிய கூட்டத்துக்குள் இருநூற்றுப் பத்துச் சின்ன கேலக்ஸிகள் விழுந்திருந்தன. எல்லாம் கலந்துவிட்டதாகவே மரம் சொன்னது. ஆனால் அதே மரத்தில், சில படங்கள் தள்ளி, அறுபத்து மூன்று கேலக்ஸிகள் திடீர் திடீரென்று முளைத்திருந்தன. முன்படத்தில் அவற்றுக்குத் தாயுமில்லை, தகப்பனுமில்லை. அந்தரத்தில் தொடங்கும் கிளைகள். ஒன்றுமில்லாத இடத்தில் இத்தனை பெரிய கேலக்ஸி ஒரே படத்தில் எப்படிப் பிறக்கும்?

ஒவ்வொன்றின் நடுவிலும் உள்ள நூறு துகள்களின் எண்களை அவள் எடுத்தாள். 'கலந்துவிட்டது' என்று முடித்துவைக்கப்பட்ட கேலக்ஸிகளின் நடுத்துகள் எண்களோடு ஒப்பிட்டாள். எந்த ஜோடியிலும் எண்பத்தாறுக்குக் குறையவில்லை. அதே ஆள். சின்னது பெரியதன் நடுவில் புகுந்து போனபோது, இரண்டும் ஒரே அடர்த்தியாக இருந்ததால் நிரலுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மறுபக்கம் வெளியே வந்தபோது புதிதாகப் பிறந்தது என்று பதிந்துவிட்டது.

அறுபத்து மூன்றும் உயிரோடுதான் இருக்கின்றன என்றால் சராசரி இருநூறு கோடியில் நிற்காது; முந்நூறு கோடியைத் தொடும். பாடநூல் எண் போச்சு. அதனால்தான் அவை இரைச்சல்.

அன்று மாலை கேஎல் சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயிலேறிக் கிள்ளானில் இறங்கும்வரை வாணி மனத்துக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தாள். சண்டையில் அவள்தான் ஜெயித்தாள். மனத்துக்குள் போடும் சண்டையில் தோற்றவர் யார்?

ரமணி ஜாலான் தெங்கு கிளானா தெருவில் சாப்பாட்டுக் கடை வாசலிலேயே மேசை பிடித்து உட்கார்ந்திருந்தாள். காப்பாரில் ஒரே வகுப்பில் படித்தவள், இப்போது அவளோடு ஒரே வாடகை வீட்டில் இருப்பவள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை; எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்ப்பது அவள் பொறுப்பு.

"அறுபத்து மூணா? என்னாடி, நாயன்மாரா?" என்றாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

"ஒனக்குக் கிண்டலா இருக்கு. எனக்கு வயிறு எரியுது."

"எரியட்டும், மொதல்ல தோசையப் போடு உள்ள. நான் ஒண்ணு கேக்குறேன். எங்க யார்டுல ஒரு பெட்டி கேட்டுல ஸ்கேன் ஆவலன்னா என்ன எழுதுவோம்? 'பாக்கல'ன்னு எழுதுவோம். பக்கத்துப் பெட்டியோட கலந்து போச்சுன்னா எழுதுவோம்? அப்படி எழுதினா மறுநாள் எனக்கு அங்க வேலை இருக்காதுலா. மூணு நாள் கழிச்சு அது பின்னால வேற லைன்ல நிக்கும். நம்பரப் பாத்தா அதே நம்பர்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"நீ சொல்றே, சரி. ஒங்க ப்ரோக்ராம்ல 'பாக்கல'ன்னு போட ஒரு கட்டமே இல்லியா? எழுதினவரு அவ்ளோ மக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்த வாணி நிறுத்தினாள். இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கு நிஜமாகவே தெரியாது. நிரலுக்கு ஒரு கையேடு உண்டு. டென்மார்க்காரர் ஒருவர் அழகாக எழுதி வைத்திருந்தார். உலகம் முழுக்க எல்லாரும் படித்தது அந்தக் கையேட்டைத்தான், அவளும் அப்படித்தான். ஒன்பதாயிரத்துச் சொச்சம் வரி நிரலை யார் உட்கார்ந்து படிப்பார்கள்? முன்னால் தே தாரிக் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, அவள் அதைத் தொடவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் பல்கலைக்கழகத்துக்கு வந்து நிரலைத் திறந்தாள். முதல் வரியிலிருந்து படித்தாள். பதினொன்றரை மணிக்கு ஏழாயிரத்து நூற்றுச் சொச்சமாவது வரியில், ஒரு கட்டிக்கு அடுத்த படத்தில் ஜோடி கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்கிற இடத்துக்கு வந்தாள். அங்கே ஒரு குறி இருந்தது. அவளுக்குப் பழகிய குறிதான். ஐந்து ஆங்கில எழுத்துகள்: கே, ஏ, என், ஓ, எம். கையேட்டில் இதற்குப் பொருள் 'பெரியதோடு கலந்தது' என்று போட்டிருக்கும். ஐந்தும் ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் என்று டென்மார்க்காரர் தாமாகவே ஒரு விளக்கமும் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார். கூட்டங்களில் எல்லாரும் அதைக் 'கேனொம்' என்று உச்சரிப்பார்கள். வாணியும் நான்கு ஆண்டுகளாகக் கேனொம், கேனொம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நிரலில் அந்தக் குறிக்குப் பக்கத்தில், எழுதியவர் தனக்காக எழுதிக்கொள்ளும் குறிப்பு ஒன்று இருந்தது. ஆங்கில எழுத்து, ஆனால் மொழி ஆங்கிலம் இல்லை. வாணி இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை வாய்விட்டுப் படித்தாள்.

'இப்ப காணோம். இப்போதைக்கு பெரிசோட சேத்துடு. அப்புறம் பாக்கணும்.'

காணோம்! அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் எழுந்து பார்த்தார். தமிழச்சியாகப் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, வீட்டில் நாள் தவறாமல் சாவி காணோம், சீப்பு காணோம் என்று கத்துகிறவள், அந்தச் சொல்லை நான்கு ஆண்டுகள் கேனொம் என்று வாசித்திருக்கிறாள். ஆங்கில எழுத்தில் இருந்தால் அது ஆங்கிலமாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிற புத்தி நமக்கெல்லாம் இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. அதையும் அடக்கிக்கொண்டு நேராகக் கமலநாதன் அறைக்குப் போனாள்.

அந்த வரிகளை அச்செடுத்த தாளை அவர் முன்னால் வைத்தாள். அவர் படித்தார். படிக்கும்போது ஒரு கணம் அவர் முகம் இளகிப்போனது. வெளிநாட்டில் குளிரில் உட்கார்ந்து, சுற்றிலும் பேச ஆளில்லாமல், தனக்குத் தானே தமிழில் எழுதிக்கொண்ட அந்த மாணவன் ஞாபகத்துக்கு வந்திருப்பான் போலிருக்கிறது. அவன் யோக்கியன்தான். அப்புறம் பார்க்கணும் என்றுதான் எழுதினான். அதற்குள் எண் வந்துவிட்டது, எண்ணோடு பேர் வந்தது, பேரோடு பதவி வந்தது. அப்புறம் மட்டும் வரவில்லை.

"இதை யாரும் படிக்கப் போவதில்லை," என்றார் ஆங்கிலத்தில்.

"நான் படிச்சிட்டேன், ப்ரொஃப்."

இப்போது அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு இந்தப் பக்கமும் அந்த அறுபத்து மூன்றும் திரையில் வரக் கூடாது. வந்தால் படிவத்தை என்னிடம் கொண்டுவராதே. உனக்கு என்ன வேண்டும் என்று நீயே யோசித்துக்கொள்."

வாணி யோசித்தாள். யோசிக்காமல் வீரம் காட்டினாள் என்று நான் சொல்லப் போவதில்லை. அன்று மாலை கூட்டத்தில் காட்டப்போகும் தொகுப்பிலிருந்து அந்தப் பக்கத்தையும் அறுபத்து மூன்றையும் நீக்கினாள். அவை இல்லாமல் ஒருமுறை முழுவதும் ஓட்டிப் பார்த்தாள். மரம் ரொம்பச் சுத்தமாக இருந்தது. இருக்கிறவர்களை இல்லை என்று எழுதித்தான் ஒரு பட்டம் வாங்க வேண்டுமா? எல்லாவற்றையும் திரும்பப் போட்டாள். கடைசியில் இருந்த அந்த நிரல் பக்கத்தை நடுவுக்குக் கொண்டுவந்தாள், எழுத்தையும் பெரிதாக்கினாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. கூட்ட அறையில் பன்னிரண்டு பேர், சுவர்த்திரையில் நிரலைப் பயன்படுத்தும் வெளிநாட்டு ஆய்வாளர்களின் இருபது முகங்கள். கையேடு எழுதிய டென்மார்க்காரர் அங்கே காலைக் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். கூட்டம் பதிவாகிறது என்று திரை மூலையில் சிவப்புப் புள்ளி எரிந்தது. கமலநாதன் தலைமை. வாணிக்குப் பக்கத்து நாற்காலி.

அவள் தொடங்கினாள். ஒரு சின்ன கேலக்ஸியின் கதையைப் படம் படமாகக் காட்டினாள். இதோ வருகிறது. இதோ பெரியதற்குள் புகுகிறது. அடுத்த மூன்று படங்களில் நிரலின் கண்ணுக்கு அது இல்லை. இதோ மறுபக்கம் வெளியே வருகிறது, மெலிந்துபோய், ஆனால் முழுசாக. நடுத்துகள்களின் எண்கள் இரண்டு பத்தியாக வரிசையில் நின்றன. நூற்றில் தொண்ணூற்று மூன்று அதே எண்கள். இப்படி இன்னும் அறுபத்து இரண்டு இருக்கின்றன என்றாள்.

டென்மார்க்காரர் கையை உயர்த்தினார். மரியாதையான மனிதர். "ஆனால் நிரல் அவற்றுக்குக் கேனொம் குறி போட்டிருக்கிறதே? கேனொம் என்றால் கலந்தது என்றுதானே பொருள்?"

வாணி அடுத்த பக்கத்தைப் போட்டாள். ஏழாயிரத்துச் சொச்சமாவது வரி சுவர் முழுக்க விரிந்தது.

"அது ஆங்கிலம் இல்லை," என்றாள் ஆங்கிலத்தில். "தமிழ். அதைக் கேனொம் என்று படிக்கக் கூடாது, காணோம். அந்தச் சொல் பொருளைப் பற்றி எதுவும் சொல்லாது. தேடுகிறவர்களைப் பற்றித்தான் சொல்லும். நாங்கள் காணவில்லை என்பதுதான் அதன் நேர்ப்பொருள். பொருள் எங்கேயோ பத்திரமாக இருக்கலாம். பக்கத்தில் உள்ள குறிப்பு சொல்வது இது: இப்போது காணவில்லை, இப்போதைக்குப் பெரியதோடு சேர்த்துவிடு, அப்புறம் பார்க்க வேண்டும். பதினான்கு வருடமாக யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்."

டென்மார்க்காரர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்கு நெருங்கி வந்தார்.

கமலநாதன் முகத்தில் புன்னகையை எடுத்து மாட்டிக்கொண்டார். மாணவியைத் தட்டிக்கொடுக்கிற பாவனையில் அவள் பக்கம் சாய்ந்தார். நான்கு ஆண்டுகளில் முதன்முறையாக அவர் வாயிலிருந்து அவளுக்குத் தமிழ் வந்தது. மெதுவாக, கொஞ்சுகிற குரலில், வேறு யாருக்கும் புரியாது என்கிற தைரியத்தில் வந்தது.

"கையெழுத்து வேணுமா, வேணாமா ஒனக்கு? தப்பா படிச்சிட்டேன்னு சொல்லிட்டு ஒக்காரு."

மேசை மைக் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. திரையில் யாரோ, என்ன சொன்னார், கேட்கவில்லை என்றார்கள்.

வாணிக்குப் பயமில்லை என்று யார் சொன்னது? ஆனால் வயிற்றில் இரண்டு நாளாக எரிந்துகொண்டிருந்தது இப்போது நாக்குக்கு ஏறிவிட்டது. இந்த மனிதர் தமிழை ஒளித்துவைக்க மட்டும்தான் வைத்திருக்கிறார். அன்று தவற்றை ஒளித்தார், இன்று மிரட்டலை ஒளிக்கிறார்.

"கையெழுத்து வேணும், ப்ரொஃப்," என்றாள் தமிழில், நிதானமாக, மைக்கைப் பார்த்து. "ஆனா நான் சரியாத்தான் படிச்சேன். இவங்க அறுபத்து மூணு பேரும் என் தீசிஸ்ல இருப்பாங்க. அதுலதான் எனக்குக் கையெழுத்து வேணும்."

பிறகு திரையின் பக்கம் திரும்பினாள். "மன்னிக்கவும், நாங்கள் தமிழில் பேசிவிட்டோம். மொழிபெயர்க்கிறேன்," என்றாள். அவர் கேட்டதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். வேணுமா, வேணாமா என்பதையும் சொன்னாள், தப்பாகப் படித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு உட்கார் என்பதையும் சொன்னாள். தான் கொடுத்த பதிலையும் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சொல்லிவிட்டு உட்காராமல் நின்றாள்.

முதலில் யாரோ ஒருவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். டென்மார்க்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "கையேட்டை நான் திருத்துகிறேன். அது என் தவறும்தான். ஆனால் கமலநாதன், அந்தப் பெண் உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டாள். இப்போது உங்கள் பதில் என்ன?"

இருபது முகங்களும் பன்னிரண்டு முகங்களும் காத்திருந்தன. மூலையில் சிவப்புப் புள்ளி எரிந்தது. கமலநாதன் எதிரே இருந்த தண்ணீரைக் குடித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், திரும்ப வைத்தார், மறுபடியும் எடுத்தார்.

"நிச்சயமாகக் கையெழுத்துப் போடுகிறேன்," என்றார் ஆங்கிலத்தில், எல்லாரையும் பார்த்து. "இதில் சந்தேகம் எங்கே வந்தது?"

படிவம் வாணியின் கோப்பிலேயே இருந்தது. எடுத்து மேசையில் வைத்தாள். அவர் குனிந்து கையெழுத்துப் போட்டார். போட்டுக்கொண்டே பல்லைக் கடித்துக்கொண்டு தாளுக்குள் முணுமுணுத்தார்:

"போட்டுத் தொலைக்கிறேன், எடுத்துட்டுப் போ. பெரிய இவ."

அதையும் வாணி மொழிபெயர்த்தாள்.